விடியற்காலை ஏர்போட்டுக்கு எந்த டெக்சியை நம்புவது?

கேள்வி: கிள்ளான், பண்டமாரான் வாசகி, 3 ஆகஸ்ட் 2025

அம்மாவும் அப்பாவும் அக்டோபர் முதல் வாரம் திருச்சிக்குப் போகிறார்கள். காலை 7.55 விமானம், கோலாலம்பூர் ஏர்போட்டின் (கேஎல்ஐஏ) டெர்மினல் 2. எனக்கு அந்த வாரம் முழுக்க இரவு வேலை, அண்ணன் ஜொகூரில். வீட்டில் காடி ஓட்ட ஆள் இல்லை. அப்பாவுக்கு மூட்டுவலி, அம்மாவுக்குப் பெட்டி நான்கு. கிள்ளானிலிருந்து போக நம்பிக்கையான டெக்சி சர்வீஸ் எது? ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்புகிறார்கள். ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்.

3 ஆகஸ்ட், இரவு

ஒரே பெயர் என்னிடம் இல்லை, தங்கச்சி. இருபது வருடமாகக் கிள்ளான் ஸ்ரீ அண்டலாஸிலிருந்து ஏர்போட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மாமியார், மச்சான், மகள், மகளின் தோழிகள் என்று அந்த வரிசை முடிவதே இல்லை. எந்தக் கம்பெனி என்று பார்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்பேன். மாலை விமானமாக இருந்தால் உங்கள் கேள்விக்கே வேலையில்லை. கைப்பேசியைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு காடி வாசலில் வந்து நிற்கும்.

உங்களுடையது வேறு. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விமானம் 7.55. வெளிநாட்டுப் பயணத்துக்குக் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடுவார்கள், அது 6.55. நான்கு பெட்டி, மூட்டுவலி, தீபாவளிக்கு முந்திய வாரங்களின் கூட்டம், எல்லாம் சேர்த்தால் 5.30-க்கு உள்ளே இருக்க வேண்டும். சாலை காலியாக இருந்தால் பண்டமாரானிலிருந்து 50 நிமிடம். ஆக 4.30-க்குக் காடி வாசலில் நிற்க வேண்டும்.

4.30-க்குப் பண்டமாரானில் எந்தக் காடி விழித்திருக்கும்? இதுதான் உண்மையான கேள்வி.

என் பதில்: தெரிந்த ஆள். பெயர், கைப்பேசி எண், வீடு மூன்றும் தெரிந்த ஆள். எனக்கு ஒரு டெக்சி அங்கள் இருக்கிறார். சிவப்பு வெள்ளை புரோட்டான் சாகா காடி. பதினைந்து வருடப் பழக்கம். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

4 ஆகஸ்ட்

காடி அழைக்கும் செயலியில் முதல் நாளே பதிவு செய்து வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

2023-இல் மாமியார் சென்னைக்குப் போனபோது அங்கள் ஊரில் இல்லை. முதல் நாள் மாலையே செயலியில் பதிவு செய்தேன். எந்தச் செயலி என்று கேட்காதீர்கள். பதிவு உறுதி என்று செய்தியும் வந்தது. காலை 4.05-க்கு ஓட்டுநர் பெயர் வந்தது, காடி எண் வந்தது. வரைபடத்தில் குட்டிக் காடி செத்தியா ஆலாமில் நின்றது. மூக்கு எங்கள் வீட்டுக்கு எதிர்த் திசையில் இருந்தது. திருப்பப் போகிறார் என்று நினைத்தேன். 4.15. குட்டிக் காடி அசையவில்லை. அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ‘வந்துகொண்டிருக்கிறேன், பாஸ்’ என்று மலாயில் ஒரு செய்தி மட்டும் வந்தது. வாசல் படியில் மாமியார் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். சுவெட்டர், குரங்குக் குல்லா, மடியில் பலகாரப் பை. கிள்ளானில் அந்த நேரம் 26 பாகை இருக்கும், அவர் மனத்தளவில் விமானத்துக்குள் ஏறிவிட்டார். 4.23-க்கு ரத்து. காரணம் இல்லை. வேறு காடி தேடுகிறோம் என்று திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அப்புறம் என்ன, நான்தான் ஓட்டினேன். கைலியோடு, சப்பாத்து இல்லாமல். டெர்மினல் 2-இல் வண்டி நிறுத்திப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு டெர்மினலை ஒட்டிய மாலுக்குள் நடந்தபோது என்னை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏர்போட் எல்லாம் பார்த்த இடம்.

ஓட்டுநரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. செத்தியா ஆலாமிலிருந்து எங்கள் வீட்டுக்கு வெறும் காடியாக வர வேண்டும், அதற்குக் காசு இல்லை. தூக்கக் கலக்கத்தில் தட்டியிருப்பார், தூரத்தைப் பார்த்ததும் மனம் மாறியிருக்கும். எனக்கும் மாறும். ஆனால் எனக்கு மாறினால் இன்னொருவரின் மாமியார் பெட்டிமேல் உட்கார மாட்டார்.

5 ஆகஸ்ட்

மறந்துவிட்டேன். யாரை அழைத்தாலும் ‘கேஎல்ஐஏ’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘டெர்மினல் 2’ என்று சொல்லுங்கள், எழுதியும் அனுப்புங்கள். உங்கள் அம்மா என் அக்காவைப் போல இன்னும் ‘எல்சிசிடி’ என்று சொல்பவராக இருந்தால் பேச்சுவார்த்தையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது பழைய மலிவு விமான டெர்மினல், மூடியது 2014 மே மாதம்.

தப்பி டெர்மினல் 1-இல் இறங்கிவிட்டால் உலகம் முடிந்துவிடாது. இரண்டுக்கும் நடுவே ரயில் உண்டு, 2 வெள்ளி (ரிங்கிட்), மூன்றே நிமிடம். ஆனால் பிளாட்பாரத்துக்கு இறங்கி, காத்திருந்து, அந்தப் பக்கம் ஏறி, மால் முழுக்க நடந்து போக வேண்டும். நான்கு பெட்டியும் மூட்டுவலியும் இருந்தால் அந்த மூன்று நிமிடம் முப்பதாகும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

7 ஆகஸ்ட்

நான்கு பெட்டி என்றீர்கள். அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

ஓட்டுநர் தங்கமானவராக இருக்கலாம், அவருடைய காடி மைவியாக இருந்தால் கதை முடிந்தது. மைவியின் பூட், அதாவது பின்னால் பெட்டி வைக்கும் இடம், 277 லிட்டர். பெசாவுக்கு 508. வெளியே பார்த்தால் இரண்டும் சின்னக் காடிகள்தான், பின்கதவைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். செயலியில் நான்கு பேர் காடி என்று போட்டால் இதில் எது வேண்டுமானாலும் வரும். ஆறு பேர் காடி போட்டால் அல்சாவோ எக்சோராவோ இன்னோவாவோ வரும், காசு கூட. அதிலும் கடைசி இருக்கையை மடக்கினால்தான் இடம்.

இங்கேதான் ஒரு சிக்கல். என் டெக்சி அங்களின் சாகா எரிவாயுவில் ஓடுவது. பழைய டெக்சி பலவற்றில் எரிவாயுத் தொட்டி பூட்டுக்குள்தான் இருக்கும். தொட்டி பின்னிருக்கையை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கும், ஒரு சின்னப் பன்றிக்குட்டி அளவுக்கு. அதற்கு முன்னால் மிஞ்சும் இடத்தில் பெரிய பெட்டி ஒன்று நிற்கும், இன்னொன்றைச் சாய்த்துச் செருகலாம். மூன்றாவதற்குக் கயிறு வேண்டும்.

ஆக, நான் சிபாரிசு செய்த ஆளிடம் உங்கள் அம்மாவின் பெட்டிகளில் பாதிக்குத்தான் இடம். அம்மாவிடம் பெட்டியைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தீர்களா? சொல்லிப் பார்த்திருப்பீர்கள்.

10 ஆகஸ்ட்

ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: ‘தெரிந்த ஆள் தெரிந்த ஆள் என்கிறீர்களே, அதற்குப் பெயர் கெரெத்தா சாப்பு.’

பெர்மிட் இல்லாமல் கூலிக்கு ஓடும் காடியைத்தான் அப்படிச் சொல்வார்கள். பதில் சொல்ல இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி.

2012-இல் மைடெக்சி என்று ஒரு செயலி வந்ததே, பின்னாளில் கிராப் ஆனது, அது டெக்சியை அழைக்கத்தான் வந்தது. அப்புறம் யார் காடி வைத்திருந்தாலும் ஓட்டலாம் என்றாயிற்று. 2018-இல் ஊபர் தன் கடையை கிராப்பிடம் கொடுத்துவிட்டுப் போனது. 2019-இல்தான் அரசாங்கம் கயிற்றை இறுக்கியது. ஓட்டுநருக்கு பி.எஸ்.வி. என்ற பயணிகள் வாகன உரிமம், காடிக்குத் தனிப் பெர்மிட், பழைய காடி என்றால் புஸ்பாகோம் நிலையத்தில் வாகனச் சோதனை, பயணிக்கும் சேர்த்துக் காப்புறுதி என்று எல்லாம் வந்தன. அதெல்லாம் செயலி வழியாக வரும் பயணத்துக்கு. பக்கத்து வீட்டுப் பையன் செயலியை அணைத்துவிட்டு ‘எனக்கே நேரில் கொடுங்கண்ணே, பத்து வெள்ளி குறைத்துக்கொள்கிறேன்’ என்றால், அந்தக் காடி அப்போது வெறும் சொந்தக் காடி.

காப்புறுதி முகவராக இருக்கும் என் மச்சானிடம் கேட்டேன். அவர் ரொட்டி சானாயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: ‘ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆனால், கூலிக்கு ஆள் ஏற்றினாயா என்றுதான் முதல் கேள்வி வரும்.’ அப்புறம் ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

என் அங்களுக்கு டெக்சிப் பெர்மிட்டும் பி.எஸ்.வி.யும் உண்டு. அதனால் அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஆனால் ‘தெரிந்த ஆள்’ என்று நான் பொத்தாம்பொதுவாக எழுதியது தப்புதான். தெரிந்திருக்க வேண்டும், பெர்மிட்டும் இருக்க வேண்டும். திருத்திக்கொள்கிறேன்.

17 ஆகஸ்ட்

3 ஆகஸ்ட் குறிப்பில் ‘ஒரு நாள்கூடத் தவறியதில்லை’ என்று எழுதியிருக்கிறேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, ‘அந்த மருமகன் கதையை எங்கே காணோம்?’ என்று கேட்டாள்.

சரி, சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மகளுக்குக் காலை விமானம். முதல் நாள் இரவு அங்கள் வீட்டில் ஒரு சாவு. அந்த நிலையிலும் மறக்காமல் அழைத்தார், ‘கவலைப்படாதே, மருமகனை அனுப்புகிறேன்’ என்றார். மருமகன் சரியாக 4.30-க்கு வந்தான். மைவி. பெர்மிட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எனக்கு அப்போது அது உறைக்கவே இல்லை. நேரத்துக்கு வந்தானே என்று சந்தோஷப்பட்டேன்.

வந்தவன் டோலை மிச்சம் பிடிக்கப் பந்திங் சாலையில் இறங்கிவிட்டான். எலிட் நெடுஞ்சாலையில் போனால் நேரே போகலாம். பந்திங் வழி டோல் இல்லாத வழி, ஆனால் சமிக்ஞை விளக்கு ஒன்றுவிடாமல் நிற்க வேண்டும், முன்னால் லோரி. மகள் ஒவ்வொரு விளக்கிலும் எனக்குச் செய்தி அனுப்பினாள். ‘சிவப்பு.’ ‘மறுபடி சிவப்பு.’ ‘லோரியில் கோழி.’ கவுண்டர் மூட நான்கு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள்.

இதை நான் பொய்யாக மறைக்கவில்லை. உண்மையிலேயே என் கணக்கில் அது ‘தவறியது’ என்று பதியவில்லை. அங்கள்மேல் உள்ள மரியாதை. பதினைந்து வருடப் பழக்கத்தில் இப்படி ஒரு கோளாறும் உண்டு, ஆளைப் பிடித்துவிட்டால் அவர் விட்ட பிழை நினைவில் தங்குவதில்லை.

ஆகவே இப்போதைய நிலை இது: தெரிந்த ஆளும் போதாது. அவர் வர முடியாவிட்டால் யார் வருவார், எந்தக் காடியில், எந்த வழியில் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். டோல் என் செலவு, எலிட்டில் போங்கள் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அப்புறம் உங்கள் கையில் ஒரு நேரம் இருக்க வேண்டும். 4.30 காடி என்றால் 4.40-க்கு வாசலில் விளக்கு தெரியாவிட்டால் செயலியில் ஆறு பேர் காடியைத் தட்டிவிட வேண்டும், ‘இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம்’ கூடாது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லா விமானங்களும் போகின்றன.

18 ஆகஸ்ட்

கோழி உயிரோடு இருந்ததா என்று கேட்டவருக்கு: ஆம்.

24 ஆகஸ்ட்

திரும்பி வருவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் அங்கேதான் காசு போகும்.

போகும்போது தாமதமானால் விமானம் போய்விடும். வரும்போது தாமதமானால் தூக்கம் மட்டும்தான் போகும். அதனால் வருவதற்கு யாரையும் முன்கூட்டிப் பிடித்துவைக்க மாட்டேன். விமானம் தாமதம், குடிநுழைவு வரிசை, பெட்டி வரும் வரை காத்திருப்பு என்று எல்லாம் சேர்ந்தால் எப்போது வெளியே வருவோம் என்று யாருக்குத் தெரியும்? டெர்மினல் 1-இல் துணைக் கட்டடத்தில் இறங்குபவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பேருந்துதான் இருந்தது. 2023 மார்ச்சில் நின்ற ஏரோடிரெய்ன், இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஓடும் குட்டி ரயில், 2025 ஜூலை 1-இல்தான் மறுபடி ஓட ஆரம்பித்தது. பெட்டி கைக்கு வந்த பிறகு செயலியைத் தட்டினால் போதும். இல்லையா, உள்ளேயே டெக்சிக் கவுண்டரில் ஊர் பெயரைச் சொல்லிக் கூப்பன் வாங்கிக்கொள்ளலாம். நள்ளிரவுக்குமேல் கட்டணம் கூடும், ஆனால் சொன்ன விலை சொன்ன விலைதான்.

மாட்டிக்கொள்வது வெளியே வரும் வாசலில். உலாட் என்கிறார்களே, மலாயில் புழு. பெயர் வைத்தவன் பார்த்து வைத்திருக்கிறான். என் பெரியப்பா திருச்சியிலிருந்து தனியாக வந்தபோது ஒருவன் நெளிந்து வந்து, ‘ஐயா, கிள்ளானா? வாங்க, பெட்டியக் கொடுங்க’ என்றிருக்கிறான். நல்ல தமிழ். பெரியப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. விலை கேட்டதற்கு, ‘நம்ம ஆளுங்கதானே, பார்த்துக் கொடுங்க’ என்றானாம். விலையைச் சொல்லாதவனிடம் ஏறக் கூடாது என்பது எங்கள் பெரியப்பா எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த பாடம். வீட்டு வாசலில் வந்து 180 வெள்ளி கேட்டான், பெட்டியை இறக்காமல். அந்தத் தூரத்துக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மீட்டர் இல்லை, ரசீது இல்லை.

பெரியப்பா கொடுத்துவிட்டார். அதன் பிறகு பல வருடம் அந்தக் கதையில் விலை ஏறிக்கொண்டே வந்தது. கடைசியாகச் சொன்னபோது 250.

2 செப்டம்பர்

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் பினாங்குக்கும் சொல்லுங்கள் என்கிறார். அங்கே டெக்சியைவிடப் பாலத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். என் தங்கை வீடு நிபோங் திபாலில். தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் ஏர்போட்டுக்கு அவள் பழைய பாலத்தில் போகவே மாட்டாள். 1985-இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர், தொழிற்சாலைக்குப் போகும் நேரத்தில் நடுக்கடலில் நின்றுகொண்டிருக்கலாம். பத்து காவானிலிருந்து போகும் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், நீளம்தான், ஆனால் இறங்குவது பத்து மௌங்கில். அங்கிருந்து ஏர்போட் பக்கம். பட்டர்வொர்த்திலிருந்து என்றால் சுற்று அதிகம், நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஓட்டுநர் தூரத்தை நினைத்துப் பழைய பாலத்துக்குத்தான் திருப்புவார். ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

14 செப்டம்பர்

பிரிக்பீல்ட்ஸ்காரர் ஒருவர், ‘இத்தனை வம்பு எதற்கு, கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏற வேண்டியதுதானே’ என்கிறார். அவருக்கு அது சரி, வாசலிலேயே ஸ்டேஷன். 28 நிமிடத்தில் டெர்மினல் 1, இன்னொரு ஐந்து நிமிடத்தில் டெர்மினல் 2. ஜாம் கிடையாது, மழை கிடையாது, ‘வந்துகொண்டிருக்கிறேன், பாஸ்’ கிடையாது. எனக்குத் தெரிந்து சொன்ன நேரத்துக்குப் போவது அது ஒன்றுதான். ஒருவருக்கு 55 வெள்ளி. தனி ஆள், மாலை நேரம், மழை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு 220 ஆகிவிடும், அப்போது காடிதான். அதோடு முதல் ரயில் 5 மணி வாக்கில். கிள்ளானிலிருந்து அதைப் பிடிக்க முதலில் கேஎல் சென்ட்ரலுக்குப் போக வேண்டும். எதில் போவது? டெக்சியில்.

28 செப்டம்பர்

பண்டமாரான் தங்கச்சி தனிச்செய்தி அனுப்பியிருந்தார். எல்லாவற்றையும் படித்தாராம், முன்னைவிடக் குழம்பிவிட்டாராம். நியாயம்தான்.

அங்களின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். ‘மீட்டர் போடுவாரா?’ என்று கேட்டார். நள்ளிரவு 12-லிருந்து காலை 6 வரை மீட்டரில் ஒன்றரை மடங்கு. அங்கள் பேசிய விலைக்குத்தான் வருவார், அது அதைவிடக் குறைவு. டோல் தனி. மருமகனைப் பற்றியும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். மருமகன் இப்போது லோரி ஓட்டுகிறானாம்.

5 அக்டோபர்

பெற்றோர் கிளம்பியாயிற்று. தங்கச்சி வேலையிடத்திலிருந்தே கைப்பேசியில் மேற்பார்வை பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

அங்கள் 3.40-க்கு அழைத்து ‘எழுந்துவிட்டீர்களா?’ என்று கேட்டிருக்கிறார். அம்மா 2 மணிக்கே எழுந்து குளித்துச் சாமி கும்பிட்டு உட்கார்ந்திருந்தார். காடி 4.20-க்கு வந்துவிட்டது. பெட்டி நான்கிலிருந்து மூன்றாகியிருந்தது, இரண்டு வாரப் பேச்சுவார்த்தையின் பலன். அங்கள் பின்கதவைத் திறந்து, எரிவாயுத் தொட்டியைத் தட்டிக் காட்டி, ஒரு பெட்டியை நிறுத்தினார், ஒன்றைச் சாய்த்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்பா முன்னிருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்தப் பெட்டி பின்னிருக்கையில், அம்மாவுக்குப் பக்கத்தில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. எலிட் வழியாக, 5.10-க்கு டெர்மினல் 2.

4.40-க்குத் தட்டுவதற்காகத் தங்கச்சி செயலியைத் திறந்து தயாராக வைத்திருந்தாராம். தட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்புவது நவம்பர் கடைசியில், இரவு 11.40-க்கு இறங்குகிறார்களாம். பெட்டி ஐந்து. ‘அண்ணே, அதற்கு எந்த டெக்சி?’ என்று கேட்டிருக்கிறார். 24 ஆகஸ்ட் குறிப்பைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவையும் படிக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. யாராவது நல்ல தமிழில் ‘வாங்க ஐயா’ என்றால் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.